தோற்ற அணிக்காக யாரைத் திட்டுவது?

சனிக்கிழமை ஆட்டத்தில் அணி தோற்றுவிட்டால் திங்கட்கிழமை மாலை வரை யாருக்கும் எதுவும் எழுதாதீர்கள். திட்டித்தான் தீர வேண்டும் என்றால் வீட்டுக்குள் திட்டிக்கொள்ளுங்கள். தொலைக்காட்சிப் பெட்டி கோபித்துக்கொள்ளாது. இந்த வழிகாட்டி திங்கட்கிழமை மாலைக்குப் பிறகு செய்ய வேண்டியவற்றுக்கானது.

நான் அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹா நகரில் தணிக்கை வேலை பார்ப்பவள். சொந்த ஊர் திருச்சி, உறையூர். இங்கே குடிவந்தது 2003இல். அந்த ஆண்டுதான் நெப்ராஸ்கா பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் பயிற்சியாளர் ஃபிராங்க் சோலிச், ஒன்பது ஆட்டம் வென்று மூன்றே ஆட்டம் தோற்ற நிலையில் வேலைநீக்கம் செய்யப்பட்டார். ஒன்பது வென்றவரை ஏன் அனுப்பினார்கள் என்று அலுவலகத்தில் கேட்டேன். ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். எதுவும் கணக்குக்கு ஒத்துவரவில்லை. கணக்கு ஒத்துவராவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அப்படித்தான் இந்த அணி என் தலையில் ஏறிக்கொண்டது.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்காகக் கொஞ்சம். இது முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்து. நெப்ராஸ்காவின் மக்கள்தொகை ஏறத்தாழ 20 லட்சம். பெரிய தொழில்முறைக் கால்பந்து அணி எதுவும் மாநிலத்தில் இல்லை. லிங்கன் நகரில் உள்ள கல்லூரி அணியின் மெமோரியல் ஸ்டேடியத்தில் 85,000 பேருக்கு மேல் உட்காரலாம். 1962 நவம்பரிலிருந்து இங்கே நடந்த ஒவ்வோர் ஆட்டத்துக்கும் டிக்கெட் முழுவதும் விற்றுத் தீர்ந்திருக்கிறது. தொடர்ச்சியாக நானூறு ஆட்டங்களைத் தாண்டிவிட்டது அந்தக் கணக்கு. டாம் ஆஸ்போர்ன் பயிற்சியாளராக இருந்த 25 ஆண்டுகளில் 255 வெற்றிகள், மூன்று தேசியப் பட்டங்கள். கடைசிப் பட்டம் 1997இல். அதன் பிறகு ஒன்றும் இல்லை. கோபத்துக்குக் காரணம் புரிந்திருக்கும்.

கோபத்தைப் பிரித்து வையுங்கள்

ஒரு தாளை எடுத்து நான்கு பத்தி போடுங்கள். களத்தில் எடுத்த முடிவு, ஆட்டக்காரர் சேர்ப்பு, நியமனம், ஒப்பந்தம். உங்கள் ஆத்திரத்துக்கான காரணம் ஒவ்வொன்றையும் இந்த நான்கில் ஏதாவது ஒன்றில் எழுதுங்கள். முதல் இரண்டு பத்தியும் பயிற்சியாளருடையவை. அடுத்த இரண்டும் அவருடையவை அல்ல. அவற்றை எழுதிக் கையெழுத்துப் போடுபவர் விளையாட்டுத் துறை இயக்குநர். அவருக்கு மேலே பல்கலைக்கழகத் தலைமை. அதற்கும் மேலே ரீஜென்ட் குழு, அதாவது பல்கலைக்கழகத்தின் ஆட்சிக் குழு. ரசிகர்கள் கத்துவதெல்லாம் முதல் பத்தியைப் பற்றி. பணம் போவதெல்லாம் நான்காவது பத்தியில்.

எடுத்துக்காட்டுக்கு ஸ்காட் ஃப்ராஸ்ட். இந்த மண்ணின் பிள்ளை, 1997 பட்டம் வென்ற அணியின் குவார்ட்டர்பேக், அதாவது களத்தில் ஆட்டத்தை நடத்துபவர். 2017 டிசம்பரில் ஏழு ஆண்டுக்கு 35 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தில் பயிற்சியாளராக வந்தார். 16 வெற்றி, 31 தோல்வியோடு போனார். 2022 ஆகஸ்ட் 27 அன்று டப்ளினில் நார்த்வெஸ்டர்ன் அணிக்கு எதிராக 28-17 என்று முன்னணியில் இருந்தபோது ஆன்சைடு கிக் அடிக்கச் சொன்னார். அதாவது பந்தை எதிரணிப் பக்கம் நீளமாக உதைக்காமல், பக்கத்திலேயே உதைத்துத் தாமே பிடித்துக்கொள்ளப் பார்க்கும் தந்திரம். பின்தங்கியவர்கள் வேறு வழியில்லாமல் செய்வது. முன்னணியில் இருப்பவருக்கு எதற்கு? பந்து எதிரணிக்குப் போனது. ஆட்டம் 31-28 என்று தோற்றது. இது முதல் பத்தி. இதற்கு அவரைத் திட்டலாம், நானும் திட்டினேன்.

இரண்டு வாரம் கழித்து ஜார்ஜியா சதர்ன் என்ற சிறிய அணியிடம் உள்ளூரில் 45-42 என்று தோல்வி. சொந்த மைதானத்தில் 35 புள்ளிக்கு மேல் எடுத்த ஆட்டம் எதிலும் நெப்ராஸ்கா அதுவரை தோற்றதே இல்லை. மறுநாள், செப்டம்பர் 11 அன்று, ஃப்ராஸ்ட் நீக்கப்பட்டார். காலம் முடியுமுன் நீக்கியதற்காக அவருக்குக் கொடுக்க வேண்டிய பைஅவுட் தொகை 15 மில்லியன் டாலர். அக்டோபர் 1 வரை பொறுத்திருந்தால் அது 7.5 மில்லியனாகக் குறைந்திருக்கும். மூன்று வாரம் கூடப் பொறுக்க முடியவில்லை.

ஊரெல்லாம் அந்த மூன்று வாரத்தைப் பற்றித்தான் பேசியது. நான் அதை மன்னிக்கத் தயார், அணி நொறுங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அவ்வளவு தொகை அந்தக் காகிதத்துக்குள் எப்படி வந்தது? அதற்கு 2019 நவம்பருக்குப் போக வேண்டும். அப்போதைய இயக்குநர் பில் மூஸ், ஃப்ராஸ்ட்டின் ஒப்பந்தத்தை 2026 வரை இரண்டு ஆண்டு நீட்டித்தார். அன்றைக்கு ஃப்ராஸ்ட்டின் கணக்கு 8 வெற்றி, 13 தோல்வி. இப்படிப்பட்டவரைக் கொத்திக்கொண்டு போக யார் வாசலில் காத்திருந்தார்கள் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. 2021 ஜூனில் மூஸ் பதவியை விட்டுப் போய்விட்டார். அடுத்து வந்த ட்ரெவ் ஆல்பர்ட்ஸ் அந்த நவம்பரில் ஃப்ராஸ்ட்டோடு பேசி, ஆண்டுச் சம்பளத்தை 5 மில்லியனிலிருந்து 4 மில்லியனாகக் குறைத்து, அக்டோபர் 1 என்ற படிக்கட்டையும் வைத்தார். அதுகூட இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசமாக இருந்திருக்கும்.

2019இல் நீட்டிப்பு அறிவித்த அன்று யாரும் ரீஜென்டுக்குக் கடிதம் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. மூன்று ஆண்டு கழித்துத் தோற்றபோது ஆயிரம் பேர் எழுதினார்கள். நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: தலைமை மேல் கோபப்பட வேண்டிய நாள் தோற்ற நாள் அல்ல, நீட்டிப்பில் கையெழுத்தாகும் நாள். அன்றைக்கு எல்லாரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டு கேள்வி கேளுங்கள்.

இது நெப்ராஸ்காவின் தனி வியாதி என்று நினைக்க வேண்டாம். டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2017இல் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷருக்குப் பத்து ஆண்டுக்கு 75 மில்லியன் டாலர், முழு உத்தரவாதத்தோடு கொடுத்தது. கொடுத்த இயக்குநர் ஸ்காட் உட்வர்ட் 2019இல் எல்.எஸ்.யூ. என்ற லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். அடுத்தவர் ராஸ் பியோர்க், 2021இல் அந்த ஒப்பந்தத்தை 2031 வரை நீட்டித்தார். 2023 நவம்பரில் ஃபிஷரை அனுப்பியபோது கொடுக்க வேண்டியிருந்த தொகை 76 மில்லியனை ஒட்டி. இரண்டே மாதத்தில் பியோர்க், ஒஹாயோ ஸ்டேட்டுக்குப் போவதாக அறிவிப்பு வந்தது. அந்தக் காலியிடத்துக்கு யாரைப் பிடித்தார்கள் தெரியுமா? எங்கள் ஆல்பர்ட்ஸை. உட்வர்ட் எல்.எஸ்.யூ.வில் 2021இல் பிரையன் கெல்லிக்குப் பத்து ஆண்டு, 95 மில்லியன் என்று எழுதினார். 2025 அக்டோபரில் கெல்லி நீக்கம். பைஅவுட் ஏறத்தாழ 54 மில்லியன். லூசியானா ஆளுநர் ஜெஃப் லாண்ட்ரி பகிரங்கமாகக் கடிந்துகொண்ட சில நாட்களில் உட்வர்டும் வெளியேறினார். இந்த வட்டத்தில் ஒப்பந்தம் எழுதியவர்களும் பில் கட்டுபவர்களும் வேறு வேறு ஆட்கள். முதலில் இதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

காகிதத்தைக் கேட்டு வாங்குங்கள்

அரசுப் பல்கலைக்கழகம் என்றால் பயிற்சியாளரின் ஒப்பந்தம் பொது ஆவணம். நெப்ராஸ்கா சட்டப்படி விண்ணப்பம் கிடைத்த நான்கு அலுவல் நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தர முடியாவிட்டால் ஏன் முடியவில்லை, எப்போது தருவோம் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். எதற்குக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. குடியுரிமை இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இங்கே இல்லை. எச்-1பி விசாவில் இருக்கும் நம்மவர்கள் இதற்கெல்லாம் பயந்து ஒதுங்குவதைப் பார்த்திருக்கிறேன். பயப்பட இதில் ஒன்றும் இல்லை. எல்லா மாநிலமும் இப்படி இல்லை. டென்னசியில் அந்த மாநிலக் குடிமக்களுக்கு மட்டும்தான் கேட்கும் உரிமை. நோட்ரடாம், யு.எஸ்.சி. போன்ற தனியார் நிறுவனங்கள் ஒப்பந்தத்தைக் காட்டவே மாட்டா. அங்கே வருமான வரித்துறைக்கு அவர்கள் தாக்கல் செய்யும் 990 படிவத்தில் அதிகச் சம்பளம் வாங்குவோர் பட்டியல் இருக்கும். அதைப் பார்த்துத் திருப்திப்பட வேண்டியதுதான்.

விண்ணப்பத்தில் 'ஒப்பந்தம்' என்று மட்டும் எழுதினால் ஒப்பந்தம் மட்டும்தான் வரும். மூல ஒப்பந்தம், எல்லாத் திருத்தங்கள், நியமனத்தின்போது போட்ட புரிந்துணர்வுக் குறிப்பு, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்புக்கு அனுப்பிய ஆண்டு நிதி அறிக்கை என்று தனித்தனியாகக் கேளுங்கள். புரிந்துணர்வுக் குறிப்பு முக்கியமானது. பயிற்சியாளரை விமானத்தில் அழைத்து வந்து மாலை போடும்போது கையெழுத்தாவது பெரும்பாலும் ஓரிரு பக்கக் குறிப்பு. முழு ஒப்பந்தம் மாதக்கணக்கில் கழித்து வரும். முக்கியமான எண்கள் எல்லாம் அந்தக் குறிப்பிலேயே முடிவாகியிருக்கும். நிதி அறிக்கையில், வேலைநீக்கத்துக்குப் பிறகு கொடுக்கும் தொகைக்கென்றே தனி இனம் ஒன்று உண்டு. நான் முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். பயிற்சியாளர்களின் சம்பளத்தை ஒப்பிட்டுப் பார்க்க யுஎஸ்ஏ டுடே நாளிதழ் ஆண்டுதோறும் பட்டியல் வெளியிடுகிறது. கல்லூரி விளையாட்டுச் சீர்திருத்தத்துக்கான நைட் கமிஷனின் நிதித் தரவுத்தளமும் இருக்கிறது.

பச்சைப் பென்சிலோடு படியுங்கள்

ஒப்பந்தம் முப்பது நாற்பது பக்கம் போகும். கார் எத்தனை, கிளப் உறுப்பினர் சந்தா யார் கட்டுவது, காலணி நிறுவனத்தின் சின்னத்தை எப்போது அணிவது என்று முன்பாதி ஓடும். தாண்டிவிடுங்கள். என் வழக்கம்: சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டுத் தாள்களை அடுக்கி, பச்சைப் பென்சிலோடு நேரே 'பணிநீக்கம்' என்ற பிரிவுக்குப் போவேன். அங்கே நான்கு இடத்தில் குறி போடுவேன்.

முதல் குறி: காரணத்தோடு நீக்குவதற்கும் காரணமின்றி நீக்குவதற்கும் இடையே கோடு எங்கே விழுகிறது? தோற்பது ஒருபோதும் 'காரணம்' ஆகாது. விதிமீறல், நடத்தைக் கேடு ஆகியவைதான் காரணம். டென்னசி பல்கலைக்கழகம் 2021 ஜனவரியில் பயிற்சியாளர் ஜெரமி ப்ரூயிட்டை என்.சி.ஏ.ஏ. விதிமீறலைக் காட்டி அனுப்பியதால், கொடுக்க வேண்டியிருந்த 12.6 மில்லியன் டாலர் மிச்சமாயிற்று.

இரண்டாம் குறி: தேதிகள். ஃப்ராஸ்ட்டுக்கு அக்டோபர் 1 போல, தொகை எந்தெந்த நாளில் குறைகிறது என்று நாட்காட்டியில் எழுதிவையுங்கள். அக்டோபரில் ஊர் கொந்தளிக்கும்போது உங்களுக்கு மட்டும் தெரியும், டிசம்பருக்கு முன் ஏன் ஒன்றும் நடக்காது என்று. அல்லது ஒப்பந்தம் ஆண்டுதோறும் தானாக ஓராண்டு நீண்டுகொண்டே போகும் வகையா? சில ஒப்பந்தங்களில் எட்டு வெற்றி பெற்றாலே ஓராண்டு கூடிவிடும். அப்படி ஒரு வரி இருந்தால் பச்சையில் அல்ல, சிவப்பில் போடுங்கள்.

மூன்றாம் குறியில்தான் கோடிகள் ஒளிந்திருக்கின்றன. நீக்கப்பட்டவர் வேறு வேலை தேட வேண்டும் என்றும், அங்கே வாங்கும் சம்பளத்தை இங்கே தரும் தொகையிலிருந்து கழிக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறதா? இருந்தால் நல்லது. ஃபிஷருக்கு இல்லை. அவர் மறுநாளே வேறு கல்லூரியில் சேர்ந்திருந்தாலும் 2031 வரை டெக்சஸிலிருந்து பணம் வந்துகொண்டிருக்கும். இப்படி ஒரு விதி இல்லாத ஒப்பந்தம், வீட்டைக் காலி செய்துவிட்டுப் போன குடித்தனக்காரருக்கு மீதிக் காலம் முழுவதும் வீட்டுக்காரரே வாடகை கொடுப்பதைப் போன்றது. நோட்ரடாம் 2009இல் அனுப்பிய சார்லி வைஸ், பிறகு கேன்சஸ் அணிக்குப் பயிற்சியாளராகப் போன பிறகும் நோட்ரடாமிடமிருந்து வாங்கிக்கொண்டே இருந்தார். மொத்தம் ஏறத்தாழ 19 மில்லியன்.

நான்காவது: அவராகப் போனால் அவர் என்ன தர வேண்டும்? நாம் தருவதற்கும் அவர் தருவதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். நாம் தருவது ஐம்பது, அவர் தருவது ஐந்து என்றால் பேரம் பேசியது யார், வேடிக்கை பார்த்தது யார் என்று தெரிந்துவிடும். ஏஜென்டுகள் கெட்டிக்காரர்கள். அது அவர்கள் தொழில். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கடிதம்

ஒருவருக்கு ஒரு கேள்வி. அவ்வளவுதான். 'பயிற்சியாளரை உடனே நீக்குங்கள்' என்று எழுதினால் பிரதி எடுத்த பதில் வரும், அல்லது வராது. இப்படி எழுதிப் பாருங்கள்: 'திருத்தம் இரண்டின்படி பயிற்சியாளரின் காலம் 2 ஆண்டு நீட்டிக்கப்பட்டுள்ளது. அதற்கு ஈடாகப் பல்கலைக்கழகம் பெற்ற சலுகை எது? வேறு சம்பளத்தைக் கழிக்கும் விதி ஏன் சேர்க்கப்படவில்லை?' பக்க எண் போடுங்கள். நீங்கள் எத்தனை ஆண்டாகச் சீசன் டிக்கெட் வைத்திருக்கிறீர்கள், எந்தப் பகுதியில் உட்காருகிறீர்கள் என்று ஒரே ஒரு வரி. அதற்கு மேல் உங்கள் பக்தியைப் பற்றிப் பேச வேண்டாம்; எழுதுகிற எல்லாருமே பக்தர்கள்தான்.

இயக்குநருக்கு எழுதி, ரீஜென்டுக்கு நகல் அனுப்புங்கள். நகல் போகிறது என்று கடிதத்தின் அடியில் தெரியட்டும். ஒரே வரிசையில் உட்காரும் நாலைந்து குடும்பம் சேர்ந்து கையெழுத்திட்டால் இன்னும் நல்லது. வடக்கு ஸ்டாண்டில் எங்களுக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு சோள விவசாயி இருக்கிறார், எழுபதைத் தாண்டியவர். காதில் வானொலிக் கருவியை மாட்டிக்கொண்டு, கண்ணெதிரே நடக்கும் ஆட்டத்தை வர்ணனையாளர் சொன்னால்தான் நம்புவார். வயலை அடமானம் வைக்கும்போது ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்க வேண்டும் என்று அவர் சொன்னது, எனக்குத் தணிக்கைப் பாடத்தில் யாரும் சொல்லித் தராதது. எங்கள் கூட்டுக் கடிதத்தில் அவர் கையெழுத்துத்தான் முதலில் இருக்கும்.

இன்னொன்று. அரசு ஊழியருக்கு நீங்கள் அனுப்பும் மின்னஞ்சலும் பெரும்பாலும் பொது ஆவணம்தான். நீங்கள் ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கியது போலவே ஒரு நிருபர் உங்கள் கடிதத்தைக் கேட்டு வாங்கலாம். நள்ளிரவில் எழுதிய வசவு உங்கள் பெயரோடு பத்திரிகையில் வந்தால் பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது?

பணம்

டிக்கெட் வாங்காமல் விட்டால் பாடம் கற்பிக்கலாம் என்று ஆண்டுதோறும் ஒருவர் கிளம்புவார். இங்கே அது எடுபடாது. 2021இல் டிக்கெட் தேங்கியபோது வசதியுள்ள நன்கொடையாளர்கள் வாங்கி, வசதியில்லாத பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். பிள்ளைகளுக்கு நல்லது, விற்றுத் தீர்ந்த கணக்கும் உடையவில்லை, தலைமைக்குச் சேதியும் போகவில்லை. அதோடு நெப்ராஸ்கா சேர்ந்திருக்கும் பிக் டென் கூட்டமைப்புக்கு 2023இலிருந்து ஏழாண்டுத் தொலைக்காட்சி ஒப்பந்தம், 7 பில்லியன் டாலருக்கு மேல். உங்கள் இருக்கை காலியாக இருந்தாலும் அந்தப் பணம் வந்து விழும்.

உறைக்கும் இடம் நன்கொடை. நல்ல இருக்கைக்கு டிக்கெட் விலை வேறு, அதில் உட்காரும் உரிமைக்கு ஆண்டுதோறும் கட்டும் நன்கொடை வேறு. 2017 வரை இந்த நன்கொடையில் 80 விழுக்காட்டுக்கு வரிச்சலுகை இருந்தது. 2018 முதல் இல்லை. ஆகவே குறைப்பதால் உங்களுக்கு வரி நட்டமும் இல்லை. டிக்கெட்டை வைத்துக்கொண்டு, நன்கொடையைக் குறைந்தபட்ச அளவுக்கு இறக்குங்கள். இறக்கிய காரணத்தை எழுதுங்கள். காரணம் எழுதாவிட்டால் ஊர் மாறிப் போய்விட்டீர்கள் என்றுதான் பதிவாகும்.

வாக்கு

நெப்ராஸ்காவில் எனக்குப் பிடித்த விஷயமே இதுதான். ரீஜென்ட் குழுவின் எட்டு உறுப்பினர்களை எட்டு மாவட்டங்களில் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆறாண்டுப் பதவி, வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் கிடையாது. மாணவர் உறுப்பினர் நால்வர் உண்டு, அவர்களுக்கு வாக்குரிமை இல்லை. மிச்சிகன், கொலராடோ, நெவாடாவிலும் இப்படித் தேர்தல் உண்டு. பென் ஸ்டேட்டில் முன்னாள் மாணவர்கள் ஒன்பது அறங்காவலர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிற இடங்களில் பெரும்பாலும் ஆளுநர் நியமனம்.

வாக்குச்சீட்டின் பின்பக்கத்தில், யாரும் படிக்காத இடத்தில், இந்தப் பெயர்கள் இருக்கும். இன்றைய ஆளுநர் ஜிம் பில்லன் அங்கிருந்து வந்தவர்தான்: பத்தாண்டு ரீஜென்ட். அதற்கும் முன்னால் ஆஸ்போர்னிடம் ஆடியவர். 1978இல் ஓக்லஹோமாவை 17-14 என்று வென்ற ஆட்டத்தில் எதிரணியின் பில்லி சிம்ஸ் தவறவிட்ட பந்தை அமுக்கிப் பிடித்த பில்லன் இவர்தான். இங்கே கால்பந்தும் அரசியலும் அவ்வளவு நெருக்கம். ஆனாலும் கண்மூடித்தனம் என்று சொல்லிவிட முடியாது. அந்த ஆஸ்போர்னே 2006இல் ஆளுநர் பதவிக்கான கட்சி முன்தேர்தலில் தோற்றிருக்கிறார்.

வேட்பாளர் கூட்டத்துக்குப் போனால் கேட்க வேண்டிய கேள்வி: 'பயிற்சியாளர் ஒப்பந்த நீட்டிப்பு குழுவின் வாக்கெடுப்புக்கு வர வேண்டும் என்பீர்களா, இயக்குநர் தனியாகச் செய்யலாம் என்பீர்களா?' மழுப்பினால் தெரிந்துவிடும். வாக்குரிமை இல்லாதவர்கள் லிங்கனில் வார்னர் ஹாலில் நடக்கும் குழுக் கூட்டத்துக்குப் போகலாம். பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்குவார்கள். சில நிமிடம்தான் கிடைக்கும். எழுதி எடுத்துப் போய் வாசியுங்கள்.

செய்யக் கூடாதவை

ஆட்டக்காரரைத் தொடாதீர்கள். 2025 கோடையில் வந்த நீதிமன்ற உடன்பாட்டுக்குப் பிறகு பல்கலைக்கழகங்கள் முதல் ஆண்டில் 20.5 மில்லியன் வரை ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பகிரலாம் என்று ஆனது. 'சம்பளம் வாங்குகிறானே, திட்டு வாங்கட்டும்' என்று இப்போது பேசுகிறார்கள். பத்தொன்பது வயதுப் பையன். நான்காவது பத்தியில் அவன் கையெழுத்து எங்கேயும் இல்லை. மெமோரியல் ஸ்டேடிய வாசலில் கல்லூரிக் கால்பந்தின் மிகச் சிறந்த ரசிகர்கள் நுழையும் வாயில் இது என்று பொறித்து வைத்திருக்கிறார்கள். தோற்ற பிறகும் எதிரணிக்குக் கைதட்டி அனுப்பும் வழக்கம் இங்கே இருக்கிறது. பயிற்சியாளரின் வீடு, பிள்ளைகள், மனைவி பக்கமும் போகக் கூடாது. இதைத் தனியாக எழுத வேண்டியிருப்பதே வெட்கக்கேடு.

அடுத்தவர் யார் என்று சொல்லத் தெரியாமல் இவரை நீக்கு என்று சொல்லாதீர்கள். சோலிச்சை அனுப்பிய இயக்குநர் ஸ்டீவ் பீடர்சன், அணி சராசரிக்குச் சரிவதை அனுமதிக்க மாட்டேன் என்று முழங்கினார். அவர் கொண்டுவந்த பில் கேலஹன் 2007இல் ஐந்து வென்று ஏழு தோற்றார். பருவம் முடிவதற்குள் பீடர்சனையே வெளியேற்றி, ஆஸ்போர்னை இயக்குநராக அழைத்து வந்தார்கள். சோலிச் பிறகு ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் 115 ஆட்டம் வென்றார்.

ரசிகர்கள் கேட்டது கிடைத்துவிட்டாலும் ஆபத்துதான். 2017 நவம்பரில் டென்னசி, கிரெக் ஷியானோவைப் பயிற்சியாளராக்கப் போகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்தி கசிந்தது. பொழுது சாய்வதற்குள் வளாகத்துப் பாறையில் கண்டனம் தீட்டி, சட்டமன்ற உறுப்பினர்கள் வரை குரல் கொடுத்து, ஒப்பந்தத்தை முறித்துவிட்டார்கள். அந்த வாரமே இயக்குநர் ஜான் கரி பதவி இழந்தார். வந்தவர் ப்ரூயிட். மேலே சொன்ன விதிமீறல்காரர் அவர்தான். தலைமையை ஒரே நாளில் மிரட்ட முடிகிறது என்றால், அது அவர்களிடம் திட்டம் ஒன்றும் இல்லை என்பதற்கும் சாட்சி. ஷியானோ வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டென்னசிக்காரர்களோடு வாதாடிப் பார்க்காதீர்கள்; சாப்பாடு ஆறிவிடும்.

இப்போதைக்கு ஒரு பயிற்சி

மேட் ரூல் 2022 நவம்பரில் எட்டாண்டு, 74 மில்லியன் ஒப்பந்தத்தில் லிங்கனுக்கு வந்தார். 2024இல் பாஸ்டன் காலேஜைப் பின்ஸ்ட்ரைப் போட்டியில் 20-15 என்று வென்றார்; 2016க்குப் பிறகு நெப்ராஸ்கா பருவ இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றதே அதுதான் முதல் தடவை. எனக்கு அவர் மேல் நல்ல அபிப்பிராயம்தான். 2025 அக்டோபரில் அவர் படித்த பென் ஸ்டேட்டில் பயிற்சியாளர் இடம் காலியானது. மாத முடிவுக்குள் இயக்குநர் ட்ராய் டேனன், ரூலின் ஒப்பந்தத்தை 2032 வரை நீட்டித்தார். அன்றைக்கு அணி ஆறு வென்று இரண்டு தோற்றிருந்தது. வழக்கமான பருவத்தை ஏழுக்கு ஐந்து என்று முடித்தது.

ஃப்ராஸ்ட்டின் 2019 காகிதத்தையும் ரூலின் 2025 காகிதத்தையும் கேட்டு வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அந்த நான்கு குறியைப் போட்டுப் பாருங்கள். இந்த முறை வெளியிலிருந்து வந்து தட்டிய கை ஒன்று உண்மையிலேயே இருந்தது. அதற்குக் கொடுத்த விலை நியாயமா என்பதுதான் கேள்வி. அவராகப் போனால் தர வேண்டிய தொகை எவ்வளவு ஏறியிருக்கிறது என்ற வரியிலிருந்து தொடங்குங்கள். விண்ணப்பத்தில் மின்னஞ்சலில் அனுப்பினால் போதும் என்று குறிப்பிட்டால் நகல் கட்டணம் மிச்சம். நான்கு அலுவல் நாள் என்பதில் சனி, ஞாயிறு சேராது.